480 கி.மீ. பழைய 10ஜி (நொடிக்கு 10 ஜிகாபிட்) ஃபைபர் லைனில் 100ஜி கோஹரன்ட் (ஒளியலையின் வீச்சோடு ஃபேஸையும், அதாவது கட்டத்தையும், படிக்கும் மோடம்) போடுகிறோம். டிசிஎம் (ஒளித்துடிப்பு வழியில் பரவுவதை, அதாவது டிஸ்பர்ஷனை, ஈடுகட்டும் பெட்டி) எல்லாவற்றையும் கழற்றிவிடலாமா?

கழற்றலாம், கழற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த லைனில் 10ஜி அலைநீளம் ஒன்றுகூட மிச்சமில்லாதபோதுதான். உங்களுடையது ஜி.652 (சாதாரண ஒற்றைமோடு) ஃபைபர், தலா 80 கி.மீ.யில் 6 ஸ்பான் (இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு நடுவிலுள்ள துண்டு) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

டிசிஎம் எதற்காக வந்தது என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1550 நானோமீட்டர் பக்கம் இந்த ஃபைபரின் டிஸ்பர்ஷன் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 17 பைக்கோசெகண்ட்/நானோமீட்டர், 80 கி.மீ.க்கு 1360. 10ஜி சிக்னலின் அகலம் 0.08 நானோமீட்டர் என்றால் துடிப்பு சுமார் 109 பைக்கோசெகண்ட் பரவும். ஒரு பிட்டின் நேரமே 100 பைக்கோசெகண்ட்தான். ஒரே ஸ்பானில் பிட்டின் மேல் பிட் ஏறிவிடுகிறது. 10ஜி ரிசீவரின் ஃபோட்டோடயோடு வெளிச்சத்தின் அளவை மட்டுமே பார்ப்பதால் ஃபேஸ் தொலைந்துபோகிறது. அதன்பின் முழுதாகச் சரிசெய்ய வழியில்லை. அதனால்தான் எதிர்க்குறி டிஸ்பர்ஷன் உள்ள ஃபைபர் சுருளை வழியிலேயே வைத்தார்கள்.

கோஹரன்ட் ரிசீவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. இரண்டு போலரைசேஷனிலும் (ஒளி அதிரும் திசைகளிலும்) வீச்சு, ஃபேஸ் இரண்டையும் அது எடுத்துவிடுகிறது. டிஸ்பர்ஷன் என்பது ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் வெவ்வேறு ஃபேஸ் சேர்வது, அவ்வளவுதான். தகவல் எதுவும் அழிவதில்லை. 480 கி.மீ.க்குச் சேர்வது 8160 பைக்கோசெகண்ட்/நானோமீட்டர். 32 ஜிகாபாட் (நொடிக்கு 3200 கோடி சிம்பல்) சிக்னலில் அது 67 சிம்பல் நீளத்துக்குப் பரவல். மோடத்தின் டிஎஸ்பி (சிக்னலைக் கணக்கிடும் சிப்) எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்து, எதிர் ஃபேஸால் பெருக்கித் திருப்பி மாற்றிவிடும். 100ஜி மோடம்கள் பல்லாயிரம் பைக்கோசெகண்ட்/நானோமீட்டரைத் தாங்கும். 8160 அவற்றுக்குச் சிறியது.

டிசிஎம்மை விட்டுவைத்தால் நஷ்டம்தான். ஒவ்வொன்றும் 6 முதல் 8 டிபி தின்கிறது. சுருளின் டிஸ்பர்ஷன் கிலோமீட்டருக்கு −100 என்றால் ஸ்பானுக்கு 13.6 கி.மீ. கூடுதல் ஃபைபர், 6 ஸ்பானுக்கும் சேர்த்து ஒருவழித் தாமதம் சுமார் 400 மைக்ரோசெகண்ட் ஏறும். இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. டிஸ்பர்ஷனை ஸ்பானுக்கு ஸ்பான் பூஜ்யமாக்கும்போது பக்கத்துச் சேனல்களின் பிட்கள் ஒவ்வொரு முறையும் பழைய வரிசைக்கே திரும்புகின்றன. கெர் விளைவால் (ஒளியின் பவர் ஃபைபரின் ஒளிவிலகலை மாற்றுவதால்) வரும் பிழைகள் ஒரே திசையில் கூடிக்கொண்டே போகும். டிஸ்பர்ஷனைச் சேரவிட்டால் அவை கலைந்து சராசரியாகிவிடும்.

10ஜியும் கூடவே ஓடவேண்டிய கட்டாயம் இருந்தால் டிசிஎம் இருக்கட்டும். 10ஜியின் அணைந்தெரியும் வெளிச்சம் பக்கத்து 100ஜியின் ஃபேஸைக் கலைக்கும். 10ஜி எல்லாவற்றையும் பேண்டின் ஒரு ஓரத்துக்குத் தள்ளி, நடுவே 50 ஜிகாஹெர்ட்ஸ் சேனல் 3 அல்லது 4 காலியாக விட்டு, 10ஜி பவரை 1, 2 டிபி இறக்குங்கள். ஜி.655 என்ற வேறு வகை ஃபைபரில் டிஸ்பர்ஷன் குறைவு என்பதால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

கழற்றும் வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலில் 10ஜி சேவைகளை மக்ஸ்பாண்டர் (பல 10ஜியை ஒரே 100ஜியில் சேர்க்கும் கருவி) வழியாக 100ஜிக்குள் ஏற்றுங்கள். அடுத்து மோடத்தின் டிஸ்பர்ஷன் தேடல் எல்லையைப் பாருங்கள். டிசிஎம் ஈடுகட்டியபின் மிஞ்சிய சிறு டிஸ்பர்ஷன் அளவுக்கு யாராவது அதைக் குறுக்கி வைத்திருந்தால், டிசிஎம் போனதும் லாக் ஆகாது (மோடம் சிக்னலைப் பிடிக்காது). பிறகு டிசிஎம்மின் இழப்பை அளந்து, அதே மதிப்புள்ள அட்டென்யுவேட்டரை ஆம்ப்ளிஃபையரின் நடுக்கட்டத்தில் போடுங்கள். வெறும் பேட்ச்கார்டு போட்டால் கெயின் சமநிலை குலைந்து பேண்டின் ஒரு முனை தூக்கிக்கொள்ளும். கெயின் செட்டிங்கைச் சரிபார்த்தபடி அந்த அட்டென்யுவேட்டரைப் பிற்பாடு குறைத்துக்கொள்ளலாம்.

மிச்சமிருக்கும் உண்மையான வேலை லாஞ்ச் பவர், அதாவது ஃபைபருக்குள் அனுப்பும் பவர். ஆம்ப்ளிஃபையர் இரைச்சலையும் நான்லீனியர் (கெர் விளைவால் வரும்) இரைச்சலையும் மோடம் முழுதாகத் திருப்ப முடியாது. பவரை 1 டிபி ஏற்றினால், சிக்னலோடு ஒப்பிடும்போது முதலாவது 1 டிபி நல்லதாகும், இரண்டாவது 2 டிபி கெடும். நான்லீனியர் இரைச்சல் ஆம்ப்ளிஃபையர் இரைச்சலில் பாதியாக இருக்கும் இடமே உச்சம். சேனலுக்கு 0 டிபிஎம்மில் தொடங்கி, எல்லாச் சேனல்களையும் 0.5 டிபி படியாகச் சேர்த்தே நகர்த்தி, எஃப்இசிக்கு (மோடம் செய்யும் பிழைதிருத்தத்துக்கு) முந்தைய பிழைவீதத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். உச்சத்திலிருந்து 1 டிபி கீழே நின்றால் இழப்பு 0.2 டிபிதான், 2 டிபி மேலே போனால் 1 டிபி போய்விடும். எனவே சந்தேகம் வந்தால் கீழ்ப்பக்கமே நில்லுங்கள்.

நான்லீனியர் பிழையைக் கணக்கால் திருப்பும் டிஜிட்டல் பேக்ப்ரொபகேஷன் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தன் சேனலின் பிழையை மட்டுமே திருப்பும். சேனல்கள் நிறைந்த லைனில் பக்கத்துச் சேனல்களால் வருவதே பெரும்பங்கு. 480 கி.மீ. க்யூபிஎஸ்கேக்கு (ஒரு சிம்பலில் நான்கு ஃபேஸ்களில் ஒன்றை அனுப்பும் முறைக்கு) அதற்காகச் செலவழிக்க வேண்டாம்.