காரின் ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டதா என்று நாமே எப்படிப் பார்ப்பது?

பள்ளத்தில் இறங்கினால் 'டொக் டொக்' என்று சத்தம், மெக்கானிக் ஷாக் மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். சத்தத்தை மட்டும் வைத்து மாற்றாதீர்கள். சக்கரப் பகுதியில் இருக்கும் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட் போன்ற மற்ற பாகங்கள் தேய்ந்தாலும் இதே சத்தம்தான் வரும். முதலில் அவற்றை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லோரும் சொல்லும் சோதனை, வண்டியின் ஒரு மூலையை நன்றாக அமுக்கிவிட்டுக் கையை எடுப்பது. எழும்பி உடனே அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் போய்விட்டது, சந்தேகமே வேண்டாம். ஆனால் ஆடாமல் நின்றால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கையால் அமுக்கும்போது ஷாக்குக்குள் இருக்கும் ராடு (கம்பி) மெதுவாக நகர்கிறது. குழியில் சக்கரம் விழும்போது பல மடங்கு வேகத்தில் நகர்கிறது. பாதி தேய்ந்த ஷாக்கும் கைக்கு அடங்கிவிடும்.

அதனால் நான் அதிகம் நம்புவது கண்ணைத்தான். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஷாக்கை டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்பகுதியில் லேசான ஈரப்படலம் சகஜம். எண்ணெய் கீழ்வரை வழிந்து அதில் தூசி சேறுபோல அப்பியிருந்தால், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் சீல் போய்விட்டது. சந்தேகமாக இருந்தால் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டி மறுபடி பாருங்கள். ராடில் தூசி படாமல் மூடும் டஸ்ட் கவர் கிழிந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். நம் வடசென்னையில் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்று வேறு. கவர் கிழிந்தால் பளபளப்பான ராடில் துரு ஏறி, அந்தச் சொரசொரப்பே சீலை அறுத்துவிடும்.

அப்புறம் டயர். உள்ளங்கையை டயரைச் சுற்றித் தடவுங்கள். அங்கங்கே மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் சக்கரம் ரோட்டில் ஒட்டாமல் குதித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. வீல் பேலன்ஸ் சரியில்லை என்றாலும் இப்படித் தேயும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பிரேக் போடும்போது வண்டியின் முன்பக்கம் அமுங்கி மூக்கு குத்துவது பழையபடி இல்லாமல் அதிகமாகியிருந்தால் தள்ளிப்போடவே கூடாது. குதிக்கிற சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. வண்டி நிற்கும் தூரம் கூடும். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி போகும்போது அந்தக் கூடுதல் தூரம் உயிர் விஷயம்.

மாற்றுவதென்றால் முன்பக்கம் இரண்டும் அல்லது பின்பக்கம் இரண்டும் ஜோடியாக மாற்றுங்கள். பெயின்ட் அடித்த பழைய ஷாக் வேண்டவே வேண்டாம். டஸ்ட் கவரும் பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் முழுசாக அமுங்கும்போது இடிக்காமல் தாங்கும் துண்டு) புதிதாகப் போடச் சொல்லுங்கள், முன்பக்கம் மாற்றினால் கையோடு வீல் அலைன்மென்டும் (சக்கரங்களின் கோணம்) பார்த்துவிடுங்கள்.