பினாங்கு ஜார்ஜ்டவுனில் சீன அங்காடி உணவை எங்கே சாப்பிடலாம்?

மாலை 7 மணிக்கு மேல் கிம்பர்லி தெருவுக்குப் போங்கள். வாத்துக்கறி போட்ட குவே சாப் (சோயாக் குழம்பில் வரும் அரிசித்தாள் நூடுல்ஸ்) அங்கே பேர்போனது. லோரோங் பாரு என்ற அங்காடித் தெருவும் மாலையில்தான் களைகட்டும்.

சார் குவே தியோவ் (வாணலியில் பிரட்டிய தட்டை அரிசி நூடுல்ஸ்) வேண்டுமென்றால், ஒவ்வொரு தட்டாகப் பிரட்டும் கடையைத் தேடுங்கள். நாலைந்து தட்டுக்குச் சேர்த்துக் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கி, எல்லாம் நீர்விட்டுக் குழைந்துவிடும். அந்தப் புகைமணமே வராது. பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். வேண்டாம் என்று சொன்னாலும் வாணலி அதேதான், ஆகவே கண்டிப்பாகத் தவிர்ப்பவர்கள் ஹலால் கடைக்கே போவது நல்லது.

இங்கே ஹொக்கியன் மீ என்றால் இறால் சூப்பில் வரும் மீ, அதாவது நூடுல்ஸ். கோலாலம்பூரில் அதே பெயருக்குக் கறுப்பு சோயாவில் பிரட்டிய தடித்த மீ வரும்.

கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் பானம் ஒன்று வாங்கிவிடுங்கள். மேசைக்கு உரிமை அதுதான். சில்லறை ரிங்கிட்டும் கையில் இருக்கட்டும்.