மகளின் ‘ஃபாக்’ புராஜெக்ட்: அந்தப் பெயரில் வேலை தேடாதீர்கள்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் கடைசி வருட புராஜெக்ட்டுக்கு ஃபாக் கம்ப்யூட்டிங்கை எடுத்திருக்கிறாள். வேலைவாய்ப்புத் தளங்களில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினீர்கள், ஒன்றும் சிக்கவில்லை, அன்றிலிருந்து தூக்கம் இல்லை. பெற்றவருக்கு அந்தக் கவலை வரத்தான் செய்யும். ஆனால் வேலை வேறு பெயர்களில் இருக்கிறது.

‘ஃபாக்’ என்ற சொல்லை 2012 வாக்கில் சிஸ்கோ நிறுவனத்தார் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கோ தூரத்து சர்வர்களில் கணக்குப் போடுவதை ‘கிளவுட்’, அதாவது மேகம், என்கிறோம். அந்த வேலையைக் கருவிகளுக்குப் பக்கத்திலேயே கொண்டுவருவதுதான் ஃபாக், அதாவது மூடுபனி. மேகம் தரைக்கு இறங்கினால் மூடுபனிதானே, அந்தக் கணக்கு. 2015இல் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து அதற்கென்று ஓர் அமைப்பே தொடங்கின. 2019இல் அது இன்னொரு அமைப்போடு இணைந்துவிட்டது. இன்று தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் ‘எட்ஜ்’ (விளிம்பு) என்றுதான் சொல்கிறார்கள்.

நீங்கள் மில் சூப்பர்வைசர், அதை வைத்தே விளக்குகிறேன். துணியில் குறை விழுகிறதா என்று பார்க்க, தறிக்கு மேல் ஒரு கேமரா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை படமும் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், பதில் திரும்பி வந்து, அப்புறம்தான் தறி நிற்க வேண்டுமா? நடுவில் இன்டர்நெட் போனால் என்ன ஆகும்? அதனால் படம் பார்க்கும் வேலையை ஷெட்டுக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டிக்கும், ஷெட் முழுவதற்குமான கணக்கை ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டருக்கும், மாத ரிப்போர்ட்டை கிளவுடுக்கும் கொடுக்கிறோம். எந்த வேலையை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதுதான் உங்கள் மகள் எடுத்திருக்கும் கேள்வி. பார்க்க எளிது. ஆனால் 10 வேலைகளை 5 பெட்டிகளில் வைக்க 97,65,625 வழிகள் இருக்கின்றன. பெட்டிகளில் மெமரியும் குறைவு, எது எப்போது அணையும் என்றும் தெரியாது.

இனி என் கவலையைச் சொல்கிறேன். பல மாணவர்கள் இதை ஐஃபாக்சிம்மோடு முடித்துவிடுகிறார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான, ஜாவா மொழியில் எழுதிய சிமுலேட்டர் அது, நிஜப் பெட்டிகள் இல்லாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள். படிக்கத் தொடங்க நல்ல கருவி. ஆனால் அதில் வரும் கிராஃபை மட்டும் நீட்டினால், இன்டர்வியூவில் “நிஜ மெஷினில் ஓட்டினாயா?” என்ற கேள்வி வரும்போது பிள்ளைகள் தடுமாறிப்போகிறார்கள்.

நான் வழிகாட்டிய ஒரு பெண் மூன்று ராஸ்பெர்ரி பை போர்டுகளை (கையளவு சின்னக் கம்ப்யூட்டர்கள்) லேப் மேஜையில் வைத்து, அதில் கே3எஸ் போட்டிருந்தாள். பல மெஷின்களில் எந்த புரோகிராம் எங்கே ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் குபர்னெட்டீஸ் என்ற மென்பொருளின் சிறிய வடிவம் அது. டெமோவில் ஒரு போர்டின் மின்வயரைப் பிடுங்கினாள். அதில் ஓடிய சர்வீஸ், அதாவது புரோகிராம், பக்கத்துப் போர்டுக்கு மாற வேண்டும். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று, அசைவே இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து நிமிடம் தாண்டித்தான் மாறியது. அன்று ராத்திரி உட்கார்ந்து காரணத்தைத் தோண்டி எடுத்தாள்: தொடர்பு அறுந்த மெஷினுக்காக 300 விநாடி காத்திருப்பதுதான் குபர்னெட்டீஸின் வழக்கமான அமைப்பு. அதை 20 ஆகக் குறைத்தாள். உடனே வேறு சிக்கல் முளைத்தது. வைஃபை கொஞ்ச நேரம் துண்டித்தாலே அதே சர்வீஸ் இரண்டு இடத்தில் ஓடியது! சீக்கிரம் மாற்றுவதா, பொறுத்துப் பார்ப்பதா என்று ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனித்தனியாக யோசித்தாள். அவளுடைய இன்டர்வியூவில் பாதி நேரம் இதைப் பற்றியே பேச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் மகளும் அந்த அடியை எடுத்து வைக்க வேண்டும். போர்டு வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம், லினக்ஸ் போட்ட இரண்டு மூன்று பழைய லேப்டாப் போதும். லினக்ஸ், நெட்வொர்க்கிங், புரோகிராமைப் பொட்டலமாகக் கட்டி எந்த மெஷினிலும் ஓட்ட உதவும் டாக்கர், குபர்னெட்டீஸ் எல்லாம் அந்த வேலையிலேயே கைக்கு வந்துவிடும். அப்புறம் டெவ்ஆப்ஸ், பிளாட்ஃபார்ம் இன்ஜினியர், ஐஓடி, எம்பெடெட் லினக்ஸ் என்று தேடிப் பாருங்கள். பெட்டிகளைவிட எதை எங்கே வைப்பது என்ற கணக்கின் மேல்தான் அவளுக்கு ஆசை என்றால் கேட் நுழைவுத் தேர்வு எழுதட்டும், எம்.டெக். வழி திறந்தே இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பேப்பரைக் கொடுத்து, எந்தப் பெட்டியில் எது ஓடுகிறது என்று வரையச் சொல்லுங்கள். ஒரு பெட்டியின் மேல் விரலை வைத்து, “இது நின்றுபோனால்?” என்று கேளுங்கள். ஆர்வமாகப் பேசிக்கொண்டே போனால் அவள் போக்கில் விடுங்கள். திணறினால் திட்டாதீர்கள், அடுத்த ரிவ்யூவுக்கு முன்னால் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.