கோழி அடைப்பைச் சுற்றி என்ன செடி வைக்கலாம்?

கேள்வி: வேடசந்தூர் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 30-க்கு 20 அடியில் கம்பி வலை அடித்து, 25 சிறுவிடைக் கோழிகள் வளர்க்கிறேன். வெயில் தாங்க முடியவில்லை, பருந்து வேறு குஞ்சுகளைத் தூக்குகிறது. நிழலுக்கும் ஆச்சு, தீனிக்கும் ஆச்சு என்று உள்ளேயே நான்கு பப்பாளியும் கொஞ்சம் கீரையும் வைத்தேன். ஒரே மாதத்தில் எல்லாம் போய்விட்டது. சுற்றிலும் என்ன வைக்கலாம்? அகத்தி வைக்கச் சொல்கிறார்கள். மேற்கே வலையை ஒட்டிப் பழைய அரளி வரிசை இருக்கிறது. போர்வெல்லில் தண்ணீர் கொஞ்சம்தான்.

பதில்: வணக்கம் சகோதரி. பப்பாளி போனதற்கு உங்கள் கைராசி காரணம் இல்லை. பொலபொலவென்ற மண் எங்கே கிடைத்தாலும் கோழி அங்கேதான் மண் குளிக்க உட்காரும். நீங்கள் கொத்திவிட்ட பாத்தியைவிட நல்ல இடம் அதற்கு வேறு ஏது? வயிற்றை அழுத்திப் படுத்து, இறக்கையை விரித்து, காலால் மண்ணை முதுகில் வாரிப் போட்டுக்கொள்ளும். நாலு நாளில் வேர் வெளியே தெரியும், ஒரு காற்றுக்குச் செடி சாயும். கீரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 600 சதுர அடியில் 25 கோழி இருந்தால் அங்கே புல்லே நிற்காது.

ஆகவே செடிகளை வலைக்கு வெளியே, ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி வையுங்கள். கிளை வளர்ந்து வலைக்குள் நீட்டினால், எட்டுகிற இலையைக் கோழியே கொத்திக்கொள்ளும். வேர் அதன் காலுக்கு எட்டாது. உள்ளே ஏதாவது வைத்தே தீர வேண்டும் என்றால் ஓரளவு வளர்ந்த கருவேப்பிலைக் கன்று இரண்டு வைத்து, தூரைச் சுற்றி நெருக்கமாகக் கல் பதித்துவிடுங்கள். அந்த இலை வாசனைக்கோ என்னவோ, கோழிகள் அதை அதிகம் தொடுவதில்லை. பருந்து வட்டமிடும்போது தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்குமே, அப்போது குஞ்சுகள் ஓடிப் பதுங்க ஒரு புதர் உள்ளேயும் வேண்டும். புதர் வளரும்வரை நாலு பனை ஓலையைச் சாய்த்து வைத்தாலும் போதும்.

அடுத்து திசை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். அதை வாட்டுவது மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில். ஆடிக் காற்றும் உங்கள் பக்கம் அந்தத் திசையிலிருந்துதான் புழுதியோடு அடிக்கும். அதனால் மேற்கை அடர்த்தியாக மூடுங்கள், கிழக்கைத் திறந்து விடுங்கள். நாலு பக்கமும் மரம் வைத்து இருட்டாக்கினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை காயாது. ஈரத் தரை குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும். காலை வெயில் தரையில் விழுந்தே ஆக வேண்டும்.

மேற்கே உயரத்துக்கு முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம். 1 விதை முருங்கை உங்கள் செம்மண்ணுக்கும் குறைந்த தண்ணீருக்கும் சரியாக வரும். எட்டடிக்கு ஒன்று வைத்து, இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடித்து நிழல் கட்டும். கழிக்கிற கொத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள், கோழிகள் எம்பி எம்பித் தின்னும். குறையும் சொல்லிவிடுகிறேன்: கிளை சட்டென்று முறியும், மழைக் காலத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாகத் தண்டில் ஒட்டும். வலை மேல் சாயாதபடி கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். முருங்கைக்குக் கீழே இடைவெளியை அடைக்க நொச்சியும் ஆடாதோடையும் வையுங்கள். ஆடு மாடு கடிக்காது, தண்ணீரும் அதிகம் கேட்காது.

பருந்துக்கு நான் சொல்வது கோவைக் கொடி. காய் பிடிக்கிற கொடியிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு அடித் துண்டுகள் வெட்டி, வலைக்கு வெளியே ஊன்றுங்கள். அடைப்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்துப் பந்தலாக்கி ஏற்றிவிட்டால் மேலிருந்து பாயும் பருந்துக்கு வழி இல்லை. பழுத்து விழுவது கோழிக்கு, பிஞ்சு உங்கள் பொரியலுக்கு. கொடி பாதி இடத்தில் படர்ந்தால் போதும், மீதியில் கம்பி இடைவெளியில் வானம் தெரியட்டும்.

அகத்தியை ஆட்டுக்கு வையுங்கள், தாராளமாக. கோழிக்கு வேண்டாம் என்பேன். அதன் இலையைத் தீவனத்தில் நிறையச் சேர்த்தால் குஞ்சுகளின் வளர்ச்சி குன்றும். கிளிரிசிடியா தழையுரத்துக்கு நல்லது, கோழித் தீனியாக வேண்டாம். சவுண்டல் இலை மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் கொடுக்கும், ஆனால் அதில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. மொத்தத் தீவனத்தில் காய்ந்த இலை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கிளை வலைக்குள் தொங்கினால் இந்த அளவைக் கோழிக்கு யார் சொல்வது? ஆமணக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி தானாக முளைத்திருந்தால் பிடுங்கிவிடுங்கள்.

பச்சைத் தீனிக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. நாலுக்கு மூன்று அடியில் பலகைச் சட்டம் அடித்து, அரையடி உயரத்தில் மேலே கம்பி வலை பூட்டி, உள்ளே தரையில் கம்பு விதையுங்கள். வலைக்கு மேலே வரும் நுனியை மட்டும் கோழி கொத்தும், வேர் தப்பித்துவிடும். இப்படி மூன்று சட்டம் இருந்தால் போதும். வலையின் ஓரத்தில் துலுக்க சாமந்தி கொஞ்சம் வைத்தால் பூ இதழும் மஞ்சள் கருவுக்கு நிறம் தரும்.

கீரி, பாம்பு விஷயமும் செடியோடு சேர்ந்ததுதான். புதரின் அடியில் ஒரு அடி உயரத்துக்குக் கிளைகளைக் கழித்து, தரை கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். கம்பி வலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள். வெளி வேலிக்குக் கிளுவைப் போத்து உங்கள் ஊரிலேயே கிடைக்கும், முள் இருப்பதால் பூனையும் நாயும் தயங்கும். கோழி எருவைப் பச்சையாக எந்தத் தூரிலும் போடாதீர்கள், சூடு தாங்காமல் செடி கருகும். மக்க வைத்துப் போடுங்கள்.

நடவை ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு, புரட்டாசி மழையைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். அதுவரை மேற்கே 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். அரளிக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. வெளியே பச்சை நிறையக் கிடைக்கும் கோழி அதைச் சீண்டாமல் போகலாம், அடைபட்டுக் கிடக்கும் கோழியை அப்படி நம்ப முடியாது. இந்த வாரமே கையுறை போட்டு வேரோடு எடுங்கள். வெட்டியதை அடுப்பில் வைக்காதீர்கள், அந்தப் புகையும் ஆகாது. ஆடு மாடு எட்டாத இடத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.