சிறுபான்மை இனத்து ஆக்களிண்ட சாதனைக்கு எண்டு தனியா விருது தேவையா?

பொது விருதுகள் இருக்கேக்க சிறுபான்மைச் சமூகங்களுக்கு எண்டு தனியா ஒண்டு எதுக்கு, அது திறமையப் பாக்காம இனத்தப் பாத்துக் குடுக்கிற மாதிரி ஆகாதா எண்டு கேட்டிருக்கிறீங்க.

தேவை எண்டுதான் சொல்லுவன், அதுவும் கட்டாயம் தேவை. திருகோணமலையில இருந்துகொண்டு, வயசான கலைஞர்மாருக்கு விருது விண்ணப்பம் நிரப்பிக் குடுக்கிற வேலையில கொஞ்சக் காலமா ஓடித் திரியிற ஆள் நான், அதால இதுல எனக்கு நல்லாத் தெரிஞ்ச பக்கம் ஒண்டு இருக்கு. விருது குடுக்கிற இடத்துல திறமைய நிறுத்துப் பாக்கிறது கடைசிக் கட்டம். அதுக்கு முதல்ல அந்த ஆளிண்ட பேர் மேசைக்கு வந்து சேரோணும், எங்கட ஆக்கள் தவறிப் போறது அந்த இடத்துலதான்.

விளையாட்டுல இந்தப் பிரச்சினை குறைவு. முரளிதரன் டெஸ்ட்ல 800 விக்கெட் எடுத்தவர், அதுக்கு ஆரும் சிபாரிசுக் கடிதம் எழுதத் தேவையில்ல, ஸ்கோர்போர்டே சொல்லும். எதிர்வீரசிங்கம் 1958ல டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில உயரம் பாய்ஞ்சு தங்கம் எடுத்தார், ஆசிய விளையாட்டுல இலங்கைக்குக் கிடைச்ச முதல் தங்கமே அதுதான், கம்பு விழாம நிண்டத முழு அரங்கமும் பாத்தது. தர்ஜினி சிவலிங்கம் நெட்போல்ல போட்ட கோலயும் ஆரும் மறைக்க ஏலாது. (அந்த மைதானம் வரைக்கும் வந்து சேர அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு வேற கதை.)

ஆனா கூத்துப் பழக்கி ஆட்டுவிக்கிற ஒரு அண்ணாவியாருக்கு ஸ்கோர்போர்ட் எங்க இருக்கு? நாப்பது வருசமா ஊர்ல பிள்ளைப்பேறு பாத்த மருத்துவிச்சிக்கு? கிண்ணியாவிலயும் மூதூர்லயும் பொல்லடி எண்ட கம்பாட்டம் பழக்கின முஸ்லிம் அண்ணாவிமாருக்கு?

எங்கட மூதூர் கிழக்குப் பக்கத்துல ஒரு அண்ணாவியார் ஐயா இருக்கிறார், பேர் சொல்லேல்ல. வடமோடி, தென்மோடி எண்ட ரெண்டு கூத்து வகையும் தெரியும், மத்தளத்தக் கையில எடுத்தா விடியும் வரைக்கும் இறக்க மாட்டார், அவரிட்டச் சதங்கை கட்டிக் கூத்துப் பழகின பெடியள் இப்ப பேரப்பிள்ளை கண்டிட்டாங்க. அவருக்கு ஒரு விருதுக்குப் போடுவம் எண்டு படிவத்த எடுத்தா, ஆடின கூத்துக்கு ஆதாரம், பத்திரிகைச் செய்தி, சான்றிதழ், போட்டோ, அழைப்பிதழ் எண்டு ஒரு பக்கம் நிறையக் கேட்டிருக்கு. ஐயாட்ட ஒரு துண்டும் இல்ல. ஏன் இல்ல? 2006ல சம்பூர், மூதூர் கிழக்கு எல்லாம் செல்லடியில ஒரேயடியா எழும்பி ஓடின நேரம் சனம் பிள்ளைகளத்தான் தூக்கினது, போட்டோ அல்பத்த ஆர் தூக்கினது. சம்பூர் ஆக்கள் 2015லயும் 2016லயும்தான் திரும்பத் தங்கட காணிக்குள்ள காலடி வெச்சவை, அப்ப வீடே இல்ல, அத்திவாரத்தத் தேடித்தான் கண்டுபிடிச்சவை, கூத்துக் கொப்பிக்கு எங்க போறது. அதுக்கு முன்னம் 2004 சுனாமியும் கரையோரத்துல கிடந்ததெல்லாத்தையும் வழிச்சுக்கொண்டு போயிட்டு. படிவத்த அச்சடிச்ச ஆக்கள் கெட்ட மனசுக்காரர் எண்டு நான் சொல்ல வரேல்ல. ஒரே வீட்டுல ஒரே அலுமாரியோட பரம்பரையா இருந்த ஆக்கள மனசுல வெச்சு அச்சடிச்ச படிவம் அது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பாக்கேல்ல எண்டுதான் பேர், ஆனா அஞ்சு தரம் இடம்பெயர்ந்த மனிசன் அதுல தானாவே விழுந்து போறான்.

முதல்தரம் போட்ட பைல் ஆதாரம் காணாது எண்டு திரும்பி வந்தது. பிறகு நாங்க வேற மாதிரி யோசிச்சம். ஐயாவ மரத்தடியில இருத்தி, கொப்பி இல்லாட்டியும் பரவாயில்ல, தலைக்குள்ள இருக்கிறதப் பாடுங்கோ எண்டு போன்ல பதிஞ்சம், ஒரு கூத்து முழுக்கத் தரு எண்ட கூத்துப் பாட்டெல்லாம் சேத்து வரவுப் பாட்டுல இருந்து மங்களம் வரைக்கும் ஒரு இடத்துலயும் தடுமாறாமப் பாடினார், கூட இருந்த மனிசி விட்ட அடிய எடுத்துக் குடுத்தா. அவரிட்டப் பழகின பழைய சீசமார் கையெழுத்து வெச்ச கடிதம், கோயில் பரிபாலன சபையிண்ட கடிதம், கிராம சேவகர் உறுதிப்படுத்தினது எல்லாம் சேத்துத் திரும்பப் போட்டம், பிரதேச மட்டத்துல கௌரவம் கிடைச்சது. அண்டைக்கு மேடையில அவரப் பத்தி வாசிச்ச ஒரு பக்கம் இருக்குப் பாருங்க, பொன்னாடைய விட எனக்கு அதுதான் பெரிசு. அவருக்கு முந்தின தலைமுறை அண்ணாவிமாரப் பத்தி அப்பிடி ஒரு பக்கம் கூட எங்கயும் இல்ல, செத்ததோட சரி.

திறமையா இனமா எண்ட உங்கட கேள்விக்கு வாறன். அரச சாகித்திய விருதையே சிங்களம், தமிழ், ஆங்கிலம் எண்டு மொழி மொழியாப் பிரிச்சுத்தானே குடுக்கிறாங்க. எங்கட மூதூர் வ.அ. இராசரத்தினம் மாஸ்டருக்கு தோணி சிறுகதைத் தொகுதிக்காக சாகித்திய மண்டலப் பரிசு கிடைச்சது, தமிழ்ப் புத்தகத்துக்குக் கிடைச்சதால அது ரெண்டாந்தரம் எண்டு இண்டைக்கும் ஆராவது சொல்லுவினமா? தமிழ்க் கதைய தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் எடை போட்டாங்க, அவ்வளவுதான். கூத்துக்கும் பொல்லடிக்கும் நான் கேக்கிறதும் அதுதான்.

பிரித்தானியாவில மோபோ விருது எண்டு இருக்கு, கறுப்பின மக்களிட்ட இருந்து வந்த இசைக்கு 1996ல கன்யா கிங் எண்ட பெண் தொடங்கினது, தன்ட வீட்ட அடமானம் வெச்சுத்தான் முதல் விழாவ நடத்தினவ. எனக்கு அதுல பிடிச்ச விசயம், விருது அந்த இசைக்கு, பாடுறவர் எந்த இனமா இருந்தாலும் சரி எண்டு வெச்சது. இங்கயும் கூத்த ஒரு சிங்களப் பெடியன் பழகி வடிவா ஆடினா அவனுக்கும் குடுக்கலாம், நான் எழும்பி நிண்டு கை தட்டுவன்.

இன்னொரு உதாரணம் கெத்சி சண்முகம் அம்மா. போர்ல புருசன இழந்த பெண்களோடயும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளோடயும் வருசக்கணக்கா இருந்து பேசி, கேட்டு, மற்றவைக்கும் அந்த உளவள வேலையப் பழக்கின தமிழ் ஆசிரியை. 2017ல, மணிலாவில இருந்து ஆசிய நாட்டு ஆக்களுக்குக் குடுக்கிற மக்சேசே விருது குடுத்தாங்க, அப்ப அவவுக்கு எண்பது வயசு தாண்டிட்டு. அந்த மாதிரி வேலைக்கு சத்தமே வராது, அழுற ஆளுக்குப் பக்கத்துல இருக்கிறத ஆர் படம் எடுப்பினம்? எங்கட வீட்டுல நாங்க அந்தப் பேரக் கேள்விப்பட்டதே விருதுக்குப் பிறகுதான். மணிலாவில இருக்கிற ஆக்கள் தேடிக் கண்டுபிடிக்கேக்க பக்கத்துல இருக்கிற எங்களுக்கு ஏன் ஏலாமப் போச்சு எண்டு நான் கனதரம் யோசிச்சிருக்கிறன்.

இனி எங்கட ஆக்களப் பாத்து ஒண்டு சொல்லோணும், கோவிக்காதீங்க. திருகோணமலை மாவட்டத்துல பாதிக்கு மேல உள்ள இனம் எண்டு ஒண்டும் இல்ல, 2012 கணக்கெடுப்புல முஸ்லிம்கள் 40 வீதத்துக்கு மேல, தமிழர் 30 வீதமளவு, சிங்களவர் 27 வீதமளவு. நாட்டளவுல சிறுபான்மையா இருக்கிற நாங்க ஊருக்குள்ள விருதுக் குழு வெச்சா, எங்களுக்கும் கீழ இருக்கிறவைய எண்ணுறமா? வெருகல் முருகன் கோயில் திருவிழாவில வேடர் சமூகத்துக்கு எண்டு உரிமை இருக்கு, மூதூர் கிழக்குல கரையோர வேடர் குடும்பங்கள் இருக்கு, தமிழ்தான் பேசுறாங்க, தேனும் மீனும் காட்டு மருந்தும் அவைக்குத் தெரிஞ்ச அளவு ஒரு பட்டதாரிக்கும் தெரியாது. டவுன்ல ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் இருக்கு, வீட்டுக்குள்ள போர்த்துக்கீசக் கிரியோல் கதைக்கிற வயசான ஆக்கள் இன்னும் கொஞ்சப் பேர்தான், அவை பாடுற பாட்டு அவையோட போயிடும். இவையிண்ட பேர ஒரு தமிழ் விழாவிலயும் நான் கேட்டதில்ல. அதுக்குப் பதிலா காசு குடுத்த முதலாளிக்கும் மாறுதலாகிப் போற அதிகாரிக்கும் பின்னேரம் முழுக்க வரிசையாப் பொன்னாடை, ஆள் என்ன செய்தவர் எண்டு ரெண்டு வரி வாசிக்க நேரம் இல்ல. இது எனக்கு உண்மையாவே மனசுக்குக் கஷ்டம், விருது எண்ட சொல்லுக்கே மதிப்பில்லாமப் பண்ணுற வேலை.

கலாபூஷணம் நல்ல விருது, 60 வயசு தாண்டின கலைஞர்மாருக்கு அரசாங்கம் குடுக்கிறது, தமிழ், முஸ்லிம் கலைஞர்மார் கனபேர் எடுத்திருக்கினம். கிழக்கு மாகாண இலக்கிய விழாவில வித்தகர் விருதும் இருக்கு. ஆனா கூலி வேலை செய்து கூத்தாடின மனிசன் எத்தின வயசு வரைக்கும் காத்திருப்பான்? ஆள் உசிரோட, காது கேக்கிற நேரத்துல குடுக்கோணும், கொழும்புக்கு வரச் சொல்லாம அவன்ட ஊர்க் கூத்துக் களரியிலயே வெச்சுக் குடுத்தா அவனிட்டப் பழகின அத்தின பேரும் பாப்பினம், ஒரு தொகை காசும் சேந்தா நல்லம், மருந்து வாங்கவாவது உதவும். படிவத்துல ஆதாரம் கேக்கிற இடத்துல வாய்மொழிப் பதிவையும் சீசமாரிண்ட சாட்சியத்தையும் ஏத்துக்கொள்ளோணும், அது ஒரு வரியில மாத்தக்கூடிய விசயம்.

உங்கட ஊர்ல இப்பிடி ஆராவது இருந்தா, விருது அறிவிப்பு வரும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காதீங்க. இந்தக் கிழமையே போய் போன்ல பதிவு பண்ணுங்க, முதல்ல ஆளிண்ட பேர், ஊர், ஆரிட்டப் பழகினவர், ஆருக்குப் பழக்கினவர் எண்டத அவரிண்ட வாயாலயே சொல்ல வையுங்க, பிறகு பாட்டோ வைத்தியமோ என்னவோ அத முழுசா எடுங்க. ஒரு பிரதிய பிரதேச செயலகத்துல கலாசார உத்தியோகத்தரிட்ட குடுங்க, நூலகம் இணையத்தளத்துக்கும் எழுதிப் பாருங்க, 2005ல இருந்து ஈழத்து ஆவணங்கள அவைதான் சேக்கினம், ஆளுமைகளுக்கு எண்டு தனிப் பக்கங்களும் இருக்கு. திருமலை மாவட்டத்துக்குள்ள எண்டா விண்ணப்பம் எழுத என்னால ஏலுமான உதவி செய்வன், மெசேஜ் போடுங்க.