தேன்சிட்டு ஏன் கறுப்பாகவே விழுகிறது?

கேள்வி: கடற்கரையை ஒட்டிய எங்கள் தோட்டத்துக்கு மாசி பிறந்ததிலிருந்து ஊதாத் தேன்சிட்டுகள் வருகின்றன. ஆண் சிட்டு நீலமும் ஊதாவுமாக மின்னுவதைக் கண்ணால் பார்க்கிறேன். படத்தில் வெறும் கறுப்பாகத்தான் விழுகிறது. என்னிடம் இருப்பது 300 மி.மீ. லென்ஸ். இதைவிடப் பெரிதாக வாங்க வேண்டுமா?
- ஒரு வாசகர், தரங்கம்பாடி

பதில்: வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றினாலே போதும்.

அந்த மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிழைகளுக்குள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் மெலனின் துகள்களில் ஒளி பட்டுத் திரும்பும்போது, சில கோணங்களில் மட்டும் புலப்படும் நிறம் அது. ஆகவே வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பறவையின் மேல் விழ வேண்டும். பக்கவாட்டிலிருந்தோ பறவைக்குப் பின்னாலிருந்தோ வந்தால், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸிலும் கறுப்புதான் பதிவாகும். சிட்டு தலையைச் சற்றுத் திருப்பினாலே தொண்டையின் ஊதா அணைந்து தோளின் நீலம் ஒளிரத் தொடங்கிவிடும் என்பதால், ஒரு படத்தோடு நிறுத்தாமல் தொடர்ச்சியாக எடுங்கள்.

இதில் கிழக்குக் கரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சூரியன் கடலிலிருந்து எழுவதால், காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றாலே தோட்டத்து மரங்கள் முழுவதும் நேர் வெளிச்சத்தில் இருக்கும். வெயில் ஏறிய பிறகு மணலிலிருந்து எழும் கானலால் படம் நெளியும். அதை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. பிற்பகலில் கடற்காற்று கிளைகளை ஆட்டத் தொடங்கிவிடும்.

பூவைச் சுற்றும் சிட்டைத் துரத்த வேண்டாம். பாடும் ஆண், இலையற்ற கொம்பின் நுனிக்கோ மின்கம்பிக்கோ திரும்பத் திரும்ப வந்து அமரும். அந்த இடத்தைக் கண்டுகொண்டு, எட்ட நின்று காத்திருங்கள். பெண்ணின் முன் சிறகைத் தூக்கி ஆடும்போது, அக்குளில் மறைந்திருக்கும் மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த இறகுக் கொத்து வெளியே தெரியும். பத்து சென்டிமீட்டர் நீளமே உள்ள இப்பறவை ஒரு நொடியும் சும்மா இருக்காது என்பதால், ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையக் கூடாது; அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர் திறனை, கூட்டத் தயங்காதீர்கள். பின்னால் வெளிறிய வானம் இருந்தால் கேமரா ஏமாந்து பறவையை இருட்டாக்கும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு படி கூட்டுங்கள். அடர்ந்த இலைகள் பின்னணியாக இருந்தால் சற்றுக் குறைக்க வேண்டும்.

நீங்கள் பார்ப்பது ஊதாத் தேன்சிட்டுதானா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அலகு இன்னும் நீண்டு வளைந்து, வயிறு பழுப்பாக இருந்தால் அது லோட்டன் தேன்சிட்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் ஊதாத் தேன்சிட்டின் ஆண் மினுமினுப்பை இழந்து, தொண்டையிலிருந்து வயிறு வரை ஓடும் ஒரு கரிய கோடு தவிர, ஏறக்குறைய பெண்ணைப் போலவே ஆகிவிடும். ஆகவே படம் எடுக்க இதுவே பருவம்.

உப்புக்காற்றில் நின்று திரும்பியதும் லென்ஸின் மணலை முதலில் ஊதி அகற்றிவிட்டு, பிறகு சற்றே ஈரமான மெல்லிய துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

ஒரு வேண்டுகோள். சிலந்தி நூலும் நாரும் சேர்த்துப் பின்னிய, தொங்கும் பை போன்ற கூடு கண்ணில் பட்டால், படத்துக்காக அதை மறைக்கும் கிளைகளை விலக்கவோ வெட்டவோ செய்யாதீர்கள். அடைகாப்பது பெண் மட்டுமே. நீங்கள் அருகிலேயே நின்றால் அது கூட்டுக்குத் திரும்பத் தயங்கும், மறைப்பை இழந்த கூடு காக்கையின் கண்ணிலும் பட்டுவிடும். கைபேசியில் பாட்டை ஒலிக்கவிட்டு ஆணை வரவழைப்பதும் கூடாது. எதிரி வந்துவிட்டதாக எண்ணி அது உணவு தேடும் நேரத்தை வீணாக்கும்.