வளைகோட்டுக்கு மேலே நிற்கும் இரண்டு புள்ளிகள்

கேள்வி: முதுகலை இயற்பியல் செயல்திட்டத்துக்காக டிடபிள்யூ ஹைட்ரே என்ற இளம் விண்மீனின் டூமாஸ், வைஸ் அகச்சிவப்பு வான ஆய்வு அளவீடுகளை வரைபடமாக்கினேன். 4,000 கெல்வின் கரும்பொருள் வளைகோடு (வெப்பத்தால் மட்டுமே ஒளிரும் பொருளின் கதிர்வீச்சுக் கோடு) 4.6 மைக்ரான் வரை ஏறக்குறையப் பொருந்துகிறது. 12, 22 மைக்ரான் புள்ளிகள் மட்டும் எங்கோ மேலே நிற்கின்றன. பிழை என்று நீக்கிவிடலாமா? அருகில் வேறொரு விண்மீன் ஒளிந்திருக்குமா?

பதில்: தயவுசெய்து நீக்காதீர்கள். உங்கள் செயல்திட்டத்தின் உயிரே அந்த இரண்டு புள்ளிகள்தான்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். விண்மீனின் ஒளியளவான மேக்னிட்யூடை, கதிர்வீச்சை அளக்கும் ஜான்ஸ்கி அலகுக்கு மாற்றும்போது ஒவ்வொரு அலைநீளப் பட்டைக்கும் தனிச் சுழிய மதிப்பு (மேக்னிட்யூட் 0க்கு ஈடான ஜான்ஸ்கி) உண்டு. வைஸில் 3.4 மைக்ரானுக்கு அது 309.5, 22 மைக்ரானுக்கு 8.36. முதல் எண்ணையே எல்லாவற்றுக்கும் போட்டிருந்தால் கடைசிப் புள்ளி 37 மடங்கு பொய்யாக உயர்ந்திருக்கும். அதைத் திருத்திய பிறகும் 22 மைக்ரான் புள்ளி வளைகோட்டைவிட நூறு மடங்குக்கு மேல் உயரத்தில்தான் இருக்கும்.

ஒளிந்திருக்கும் விண்மீனால் இது முடியாது. 2,900ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் கதிர்வீச்சின் உச்சம் மைக்ரானில் கிடைக்கும். மிகக் குளிர்ந்த விண்மீனே சுமார் 2,000 கெல்வினுக்கு மேல். அதன் உச்சம் 1.5 மைக்ரானைத் தாண்டாது. 22 மைக்ரானில் உச்சம் வர 130 கெல்வின் போதும், அதாவது மைனஸ் 140 டிகிரி செல்சியஸ். இவ்வளவு குளிர்ந்த பொருள் இத்தனை ஒளிர வேண்டுமென்றால் அதன் பரப்பு மிகப் பெரிதாக இருக்க வேண்டும். அதுதான் விண்மீனைச் சுற்றியுள்ள தூசு வட்டு. விண்மீனின் ஒளியை உறிஞ்சிச் சூடேறும் துகள்கள் அதை அகச்சிவப்பாகத் திருப்பி உமிழ்கின்றன.

எனக்கு இதைவிட வியப்பூட்டுவது, பொருந்தி நிற்கும் புள்ளிகள். சுமார் 1,500 கெல்வினில்தான் தூசு ஆவியாகும். அந்த எல்லை வரை வட்டு நெருங்கியிருந்தால் 2 முதல் 5 மைக்ரானிலும் வளைகோட்டைவிட மிகையான ஒளி தெரிந்திருக்கும். வட்டுள்ள பெரும்பாலான இளம் விண்மீன்களில் அப்படித்தான் தெரிகிறது. இங்கே தெரியவில்லை என்றால், உட்பகுதியில் நுண்தூசு பெரிதும் குறைந்துவிட்டது என்று பொருள். சுமார் 1 கோடி வயதுள்ள இந்த விண்மீனிலிருந்து ஒரு வானியல் அலகு (பூமி-சூரியன் இடைத்தூரம்) தொலைவில் வட்டில் இடைவெளி இருப்பதை 2016இல் ஆல்மா வானொலித் தொலைநோக்கியின் படமே காட்டியது. கோள் உருவாவதன் தடமாக அது இருக்கலாம்.

12க்கும் 22க்கும் உள்ள விகிதத்தை மட்டும் வைத்துத் தூசின் வெப்பநிலையைக் கணக்கிடாதீர்கள். 12 மைக்ரான் பட்டை அகலமானது. தூசிலுள்ள சிலிகேட் கனிமத்தால் 10 மைக்ரானில் எழும் மேடும் அதற்குள் விழுகிறது. வட்டும் ஒரே வெப்பநிலையில் இல்லை.

அடுத்து, விண்மீன்கள் பிறக்கும் டாரஸ் வாயு-தூசு மேகத்தின் விண்மீன்களை எடுத்தால், இடையிலுள்ள தூசு மறைக்கும் ஒளியை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். மேகங்களுக்கு வெளியே, சுமார் 196 ஒளியாண்டில் இருக்கும் இந்த விண்மீனுக்கு அந்தத் திருத்தம் அநேகமாகத் தேவையில்லை.